தோட்டப்புறச் சுரமும் நெஞ்சகமும்

இந்நாட்டில் செம்பனை பெருந்தோட்டப் பயிராக முதன்முதல் நடப்பெற்றது 1917இல், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். பழம் உதிரும் இடத்தில் எலி பெருகும்; எலியின் மேனியில் ஒட்டும் சிற்றுண்ணியும் உடன் பெருகும். லாலான் புல் அடர்ந்த அத்தகைய நிலங்களில் வேலை செய்த தோட்டத் தொழிலாளரைக் கடுஞ்சுரம் ஒன்று பற்றியது. இரு வாரம் காய்ந்த அச்சுரத்தில் நெஞ்சு தளர்ந்து மாண்டோரும் உண்டு.

அதனை இனம்பிரித்த பெருமை, 1900இல் தோன்றிய கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு உரியது. 1920களில் பிளெட்சரும் லெஸ்லரும் அங்கே நோயாளர் குருதியைச் சோதித்தனர். நகரக் கடைத்தெருவில் டைபஸ் கண்டோரின் குருதி ஒருவகை நுண்ணுயிரைத் திரளச் செய்தது. தோட்டத்தார் குருதியோ, கிங்ஸ்பரி என்பார் இலண்டனிலிருந்து கொணர்ந்த வேறொரு வகையையே திரட்டியது. ஒன்றெனக் கருதிய நோய் இரண்டாயிற்று! 'ஓ.எக்ஸ்.கே.' என்னும் சோதனைப் பெயரின் ஈற்றெழுத்து அவர் பெயரின் முதலெழுத்தே. தோட்டப்புற நோயும் சப்பானியரின் 'சுட்சுகாமுஷி' நோயும் ஒன்றே எனப் பின்னர் லெவ்த்வெயிட்டும் சவூரும் நிறுவினர். தீங்கு தரும் பூச்சி என்பது அச்சொல்லின் பொருள். தமிழகத்தில் இன்று உண்ணிக் காய்ச்சல் என வழங்குவதும் இதுவே.

இந்நோய்க் கிருமி நுண்குருதிக் குழாய்களின் உட்சுவரைத் தாக்கும். இதயத்தசையும் அழற்சியுறும், குருதியழுத்தம் தாழும், நாடி மெலிந்து விரையும், மூச்சு முட்டும். இரண்டாம் வாரமே பேரிடர்க் காலம். அமெரிக்காவில் 1970களில் பெயர்பெற்ற லைம் நோயும் உண்ணியால் வருவதே; ஆயினும் அங்கே இதயத்தின் மின்கடத்தல் தடைப்பட்டு நாடி மந்தமாகும்.

1948 வரை இச்சுரத்தை உறுதியாகத் தீர்க்கும் மருந்தில்லை. அவ்வாண்டு ஜோசப் ஸ்மேடல் தலைமையில் கோலாலம்பூர் வந்த அமெரிக்கக் குழு, இந்நிலையத்தாருடன் கூடி, குளோராம்பெனிக்கால் மருந்தை நோயாளர் 25 பேருக்கு அளித்தது. ஏறத்தாழ ஒன்றரை நாளில் சுரம் தணிந்தது, அனைவரும் பிழைத்தனர். குடற்காய்ச்சலுக்கும் அம்மருந்து உதவும் என்பது அவ்வாண்டில் இந்நகரிலேயே வெளிப்பட்டது. நம் பாடநூல்களில் ஒரு வரியேனும் பெறத்தக்க செய்தி இது.

அம்மருந்து அரிதாக எலும்புச் சோற்றைக் கெடுப்பதால், இன்று டாக்சிசைக்கிளினே முதன்மை பெறுகிறது. முதல் வாரத்திலேயே தொடங்கினால் இதயம் பெரும்பாலும் தப்பும். பிந்தினாலோ, குருதியழுத்தம் காக்க ஏற்றும் உப்புநீரையும் அளந்தே ஏற்ற வேண்டும். கசியும் குழாய்கள் வழியே அது நுரையீரலை நிரப்பிவிடும். உண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டுச் சூடுபோல் ஒரு கரும்பொருக்கு தோன்றுவதுண்டு. அது பெரும்பாலும் வலிப்பதில்லை. அக்குளிலோ அரையிலோ மறைந்திருக்கும். நோயாளி தானாகச் சொல்லமாட்டார். மருத்துவரே ஆடை விலக்கித் தேட வேண்டும்.