பலகையும் வாடகையும்

செல்போன் கடை வைத்திருக்கும் நண்பரிடம், "பலகையில் உங்கள் பெயரைப் போடக் கூடாதா?" என்று கேட்டேன். "பெயர் கம்பெனிக்கு, வாடகை எனக்கு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் ஒரு சரித்திரமே இருக்கிறது.

2014 பிப்ரவரியில் மோட்டோ ஜி போன் நம் நாட்டில் பிளிப்கார்ட் மூலம் மட்டுமே விற்பனைக்கு வந்தது. ஜூலையில் சியோமியும் அவ்வழியே நுழைந்தது. இனிக் கடைவீதி எதற்கு என்றார்கள். ஆனால், கையில் வாங்கிப் பார்க்காமல் நம்மவர்களுக்கு மனம் ஒப்புமா? 2017இல் சியோமியே பெங்களூரில் கடை திறந்தது.

கடைவீதி பிழைத்தது, கடைக்காரர்? முன்பணம், சம்பளம், சரக்கில் முடங்கும் முதல் எல்லாம் அவருடையவை. விலை சொல்வது கம்பெனி. புது மாடல் வந்தால் அலமாரியில் இருப்பது பழசு. நண்பருக்கு லாபம் போனில் இல்லை, உறையிலும் சார்ஜரிலும்தான்.

2020 ஏப்ரல் 1 அன்று செல்போனுக்குச் சரக்கு சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 18 ஆயிற்று. அன்று அவர் கடை ஊரடங்கில் பூட்டிக் கிடந்தது. வாடகைக்கு மட்டும் ஊரடங்கு இல்லை.