திருச்சிராப்பள்ளி வட்டாரப் பூக்கும் தாவரக் குடும்பங்கள்

தொல்காப்பிய மரபியல், புறத்தே வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பகுக்கிறது. ஒருவித்திலை, இருவித்திலைப் பகுப்பின் முன்வடிவம் இது என்பர் சிலர். பிற்கால அறிவை ஏற்றிச் சொல்வது என்பர் வேறு சிலர். லின்னேயசின் மாணவரான கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து செடிகளைத் திரட்டினார். சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றி கேம்பிள் 1915இல் வெளியிடத் தொடங்கிய நூலை, அவர் மறைவுக்குப் பின் ஃபிஷர் 1936இல் நிறைவு செய்தார்.

திருச்சிக்கென நிலைத்த சான்றகம் 1967இல் அமைந்தது. தூய வளனார் கல்லூரியில் இயேசு சபைத் துறவி கே. எம். மாத்யூ நிறுவிய ராப்பினாட் உலர்தாவரகமே அது. மாத்யூவின் 'தமிழ்நாடு கர்நாடகத் தாவரங்கள்' 1981 முதல் 1983 வரை வெளிவந்தது. அதன் படத்தொகுதி (1982) தனித்த கவனத்துக்குரியது. அழுத்தி உலர்த்திய பூவில் நசுங்கிப்போகும் சூற்பையையும் மகரந்தத்தாளையும் கோட்டோவியம் பிரித்துக் காட்டுகிறது. குடும்பத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் அவ்வுறுப்புகளே.

1836இல் மேலணை கட்டப்பட்ட முக்கொம்புப் பகுதியின் செடிகளைக் கொண்டே இதை விளக்கலாம். எருக்கு, கள்ளி, நெய்வேலிக் காட்டாமணக்கு மூன்றையும் ஒடித்தால் பால் வடியும். ஆனால் பால் மட்டும் உறவைச் சொல்லாது. எருக்கில் மகரந்தம் தூளாக உதிராமல் மெழுகுத் திரளாக இணைந்திருக்கும். பூச்சியின் காலில் அது அப்படியே தொற்றிச் செல்லும். கள்ளியில் ஒரே பூப்போலத் தெரிவது உண்மையில் ஒரு மஞ்சரி: நடுவே மூவறைச் சூற்பை கொண்ட ஒரு பெண்பூ, சுற்றிலும் ஒற்றை மகரந்தத்தாளே உடைய ஆண்பூக்கள். ஆமணக்குக் குடும்பத்தில் கள்ளியினத்துக்கே உரிய இவ்வமைப்பு எத்தனை முறை பார்த்தாலும் வியப்பூட்டுவது. நெய்வேலிக் காட்டாமணக்கின் புனல் வடிவ அல்லியோ அதைக் கன்வால்வுலேசியில், அதாவது சர்க்கரைவள்ளிக் குடும்பத்தில் சேர்க்கிறது.

பெந்தம், ஹூக்கர் இருவரின் வகைப்பாட்டு முறையில் எருக்கு அஸ்க்லெபியடேசி என்னும் தனிக் குடும்பம். மரபணு ஒப்பீட்டை அடிப்படையாகக் கொண்ட 1998ஆம் ஆண்டு வகைப்பாடு அதை அரளியின் குடும்பமான அபோசினேசிக்குள் அடக்கியது.