சிறைக்குள்ள பிறந்த காதல் பாட்டு! - 'அன்செயின்டு மெலடி' ஹிட்டான கதை

சுத்துற சக்கரம், ஈரக் களிமண், டெமி மூர் பின்னாடி வந்து உட்காரும் பேட்ரிக் ஸ்வேஸி... 'கோஸ்ட்' படத்தை முழுசா பார்க்காதவங்களுக்கும் இந்த சீன் தெரிஞ்சிருக்கும். அதுல ஜூக்பாக்ஸில் ஓடுற 'அன்செயின்டு மெலடி', 1990-ல் வந்த அந்தப் படத்துக்காகப் போட்ட பாட்டு இல்லை பாஸ். அது பிறந்தது ஒரு ஜெயில் படத்துல!

1955-ல் வெளியான அந்த அமெரிக்கப் படத்தின் பெயரே 'அன்செயின்டு'தான். சங்கிலி அவிழ்ந்த நிலைன்னு அர்த்தம். கலிபோர்னியாவின் சீனோ சிறையில் இருக்கும் ஹீரோவுக்கு ஒரே குழப்பம். தப்பிச்சு ஓடுறதா, இல்லை தண்டனையை முடிச்சுட்டு மனைவிகிட்ட போறதா? இதுக்கு தீம் மியூசிக் போட்டவர் அலெக்ஸ் நார்த். வரிகள் எழுதியவர் ஹை ஜாரெட். படத்தில் இதைப் பாடுறதும் ஒரு கைதிதான். அந்த வேடத்தில் வந்தவர் டாட் டங்கன்.

பாட்டுல படத்தோட பெயர் வரணும்னு கேட்டாங்களாம், ஜாரெட் மறுத்துட்டாராம். பாட்டைக் காப்பாத்தினதே அந்தப் பிடிவாதம்தான்னு தோணுது. வரிகளில் சங்கிலி, கம்பி, ஜெயில் எதுவுமே கிடையாது. நீண்ட பிரிவு, நகர மறுக்கும் நேரம், வீடு திரும்பும் ஆசை, அவ்வளவுதான். அதனால ராணுவத்துல இருக்கிறவரும் பாடலாம், லாங் டிஸ்டன்ஸ் காதலரும் பாடலாம். அந்த வருஷமே பல பாடகர்கள் இதைப் பதிவு செஞ்சாங்க. அமெரிக்காவில் லெஸ் பாக்ஸ்டர், இங்கிலாந்தில் ஜிம்மி யங் என ரெண்டு நாட்டிலும் நம்பர் 1. ஆஸ்கருக்குப் பரிந்துரையும் ஆச்சு. விருதுதான் கிடைக்கலை.

ஆனா நாம இன்னிக்குக் கேட்கிறது 1965-ல் 'ரைட்டியஸ் பிரதர்ஸ்' கொடுத்த பதிவு. பேர்லதான் பிரதர்ஸ், பில் மெட்லியும் பாபி ஹேட்ஃபீல்டும் அண்ணன் தம்பி கிடையாது. இதுல பாடுறதும் ஹேட்ஃபீல்டு மட்டும்தான். இசைத்தட்டின் பின்பக்கத்தில் சும்மா சேர்த்த பாட்டு இது. முன்பக்கப் பாட்டை விட்டுட்டு ரேடியோக்காரர்கள் இதைச் சுழல விட்டாங்க. பில்போர்டில் 4-வது இடம்!

அப்படி என்ன பண்ணினார்? மூணு மூணா விழும் மெதுவான தாளம், ரெண்டு பேர் கட்டிப்பிடிச்சு ஆட வசதியான வேகம். ஆரம்பத்தில் குரல் ரொம்ப அடக்கமா இருக்கும். பிறகு படிப்படியா ஏறி, கடைசிப் பகுதியில் மெட்டையே கொஞ்சம் மாத்தி உச்சிக்குத் தூக்கிட்டுப் போவார். அந்த இடத்துல ஏக்கம் அழுகையாவே மாறிடும். டங்கனின் கனமான குரலில் கைதியைக் கேட்கலாம். இதுல காதலன் மட்டும்தான்.

25 வருஷம் கழிச்சு அதே பதிவு 'கோஸ்ட்'டில் வந்தப்போ மறுபடியும் அலை. பழைய பதிவும், இருவர் அணி புதுசா எடுத்த பதிவும் ஒரே நேரத்தில் பில்போர்டு பட்டியலில்! இங்கிலாந்தில் கேட்கவே வேண்டாம். 1955, 1990, 1995, 2002 என நாலு தடவை, நாலு வெவ்வேறு குரல்களில் நம்பர் 1.

'கோஸ்ட்' ஹீரோ செத்துப்போய் ஆவியா அலையறவன். காதலி எதிர்லயே இருப்பா, தொட முடியாது. ஜெயில் பாட்டு அந்தக் கதையில் ஏன் இவ்வளவு கச்சிதமா உட்கார்ந்ததுன்னு இப்போ புரியுதா? படத்தின் இசையமைப்பாளர் மாரிஸ் ஜார், இந்த மெட்டை வரிகளே இல்லாம ஆர்கெஸ்ட்ராவிலும் வாசிக்க வெச்சார். தீம் மியூசிக்கா பிறந்தது, பாட்டாகி ஊர் சுத்திட்டு, 35 வருஷம் கழிச்சு வேற ஒரு படத்துக்குத் தீம் மியூசிக்காவே திரும்பி வந்துச்சு!