பள்ளிக்கூடத்தில் பதிப்புரிமை

பதிப்புரிமை என்பது ஒருவர் எழுதிய, வரைந்த, இசையமைத்த, படமெடுத்த ஆக்கத்தைப் படியெடுக்கவும் வெளியிடவும் மொழிபெயர்க்கவும் மேடையேற்றவும் சட்டம் அவருக்கு மட்டும் தரும் உரிமை. காப்புரிமை என்றும் இதைச் சொல்வதுண்டு. புதுக் கண்டுபிடிப்புகளுக்குத் தரப்படும் உரிமையையும் அந்தச் சொல் குறிப்பதால் இங்கே பதிப்புரிமை என்றே ஆளப்படுகிறது. இந்தியாவில் இதற்கான சட்டம் 1957இல் இயற்றப்பட்டு 1958 ஜனவரி 21 முதல் நடைமுறையில் உள்ளது. 2012இல் அது விரிவாகத் திருத்தப்பட்டது. வகுப்பறைக்கு இந்தச் சட்டம் தாராளமான விலக்குகளைத் தந்திருக்கிறது. அவை இருப்பது தெரியாத ஆசிரியர்கள் ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்கவே தயங்குகிறார்கள். எல்லை தெரியாதவர்கள் முழுப் புத்தகத்தையும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள்.

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால், தமிழ்நாடு முடியும் இடத்தில் இருப்பது ஆரம்பாக்கம். திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டம். கிழக்கே பழவேற்காட்டு ஏரி, அதன் கரையோரம் மீனவக் குப்பங்கள். அடுத்த ஊரான தடா ஆந்திரத்தில் இருக்கிறது. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் புழங்கும் பகுதி இது. இங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் தாண்டி ஒரு நாவலோ வரலாற்று நூலோ வேண்டுமென்றால், பெரும்பாலும் ஆசிரியர் பையில் எடுத்து வருவதுதான். அதனால் இந்தச் சட்டத்தின் விலக்குகள் பெருநகரப் பள்ளிகளைவிட இப்படிப்பட்ட ஊர்களில்தான் அதிகம் பயன்படும்.

பழவேற்காட்டு மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. ஊரின் தலைக்கட்டுகளுக்குள் சீட்டுப் போட்டு, எந்த முறையில் யார் ஏரியின் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று வகுத்துக்கொள்வது. தண்ணீரை யாரும் பட்டா போட்டு வைத்திருக்கவில்லை; ஆனாலும் பாடு உள்ளவரின் நாளில் அந்த இடம் அவருடையது, முறை முடிந்தால் அடுத்தவருக்குப் போகும். பதிப்புரிமையும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். ஆக்கியவருக்கு ஒரு காலம் வரை முறை, அதன்பின் எல்லோருக்கும் பொது. ஆனால் முறை நடக்கும் காலத்திலேயே சிலர் சில காரியங்களுக்காக அந்தத் தண்ணீரில் இறங்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சிலரில் ஆசிரியரும் மாணவரும் முதல் வரிசையில் இருக்கிறார்கள்.

கற்பித்தலின் போக்கில்

சட்டத்தின் 52ஆம் பிரிவு, எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று பட்டியலிடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு உயிரான வரி அதில் ஒன்று உண்டு: கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ எந்த ஆக்கத்தையும் படியெடுக்கலாம், தேர்வு வினாத்தாளில் அதைச் சேர்க்கலாம், விடைத்தாளில் எழுதலாம். எத்தனை பக்கம் என்ற கணக்கு அங்கே இல்லை. கதை, கவிதை, வரைபடம், ஒளிப்படம் என்ற பாகுபாடும் இல்லை.

ஜோ டி குருஸ் எழுதிய ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வெளிவந்த பெரிய நாவல். தெற்கத்திக் கடற்கரையின் பரதவர் வாழ்க்கை அதில் இருக்கிறது. குப்பத்துப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பில், கட்டுமரம் கடலில் இறங்கும் ஓர் அத்தியாயத்தை வாசிக்கக் கொடுக்க ஆசிரியர் நினைக்கிறார். எட்டுப் பக்கம், முப்பத்தைந்து படி. நெடுஞ்சாலையோரக் கடையில் எடுத்து, இரண்டிரண்டாய்ப் பின் அடித்து, பாடவேளையில் கொடுக்கிறார். நாவலாசிரியரிடம் அனுமதி கேட்கவில்லை, பதிப்பகத்துக்குப் பணமும் கட்டவில்லை. இதில் தவறே இல்லை. அதே எட்டுப் பக்கத்தைக் கடைக்காரர் தனியே அச்சடித்து மாணவர் அல்லாதவருக்கும் விற்றால் அது வேறு கதை.

கடைக்காரர் படியெடுத்துக் கொடுப்பதே தவறா என்ற கேள்வி டெல்லியில் ஒரு பெரிய வழக்காக வெடித்தது. டெல்லி பொருளியல் பள்ளி வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி கடை, பேராசிரியர்கள் கொடுத்த பட்டியலின்படி பல நூல்களின் பகுதிகளைச் சேர்த்துத் தொகுப்புகளாக மாணவர்களுக்குக் கொடுத்துவந்தது. 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸும் கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. மாணவர்கள் சங்கம் அமைத்துத் தாங்களும் ஒரு தரப்பாக உள்ளே வந்தார்கள். 2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை இயற்கையாகவோ தெய்வீகமாகவோ வந்த உரிமை இல்லை, அறிவு வளர்வதற்காக உண்டாக்கப்பட்ட ஏற்பாடு என்பது அவருடைய பார்வை. அவ்வாண்டு டிசம்பர் 9இல் மேல்முறையீட்டு அமர்வு, கற்பித்தல் என்பது வகுப்பறையின் நாற்பத்தைந்து நிமிடத்தோடு முடிவதில்லை என்ற பொருளில் சட்டத்தை விரித்துரைத்தது. பாடத்துக்குத் தேவையான அளவா என்பதே அளவுகோல். தொகுப்பிலுள்ள பகுதிகள் பாடத்துக்கு உண்மையில் தேவையா என்பதை மட்டும் விசாரிக்கக் கீழே அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. அவ்வாண்டு மே மாதம் உச்ச நீதிமன்றமும் இதில் தலையிட மறுத்தது.

பல்கலைக்கழகத்துக்கான தீர்ப்பு பள்ளிக்குப் பொருந்துமா என்று ஐயப்பட வேண்டியதில்லை. சட்டத்தின் சொல் ஆசிரியர், மாணவர் என்பதுதான். எந்த வகுப்பு என்று அது கேட்கவில்லை.

படியெடுப்பது வேறு, வெளியிடுவது வேறு. பள்ளி நிர்வாகமோ ஒரு பதிப்பாளரோ வாசிப்புத் தொகுப்பு ஒன்றை நூலாக அச்சிட்டால் அதற்கு வேறொரு விதி: தொகுப்பின் பெரும்பகுதி பதிப்புரிமை இல்லாத ஆக்கங்களாக இருக்க வேண்டும், உரிமையுள்ள நூல்களிலிருந்து சிறு பகுதிகள்தான் எடுக்கலாம், ஐந்தாண்டுக் காலத்தில் அதே பதிப்பாளர் அதே எழுத்தாளரிடமிருந்து இரண்டு பகுதிகளுக்கு மேல் எடுக்கக் கூடாது.

எல்லையில் ஒரு வகுப்பு

52ஆம் பிரிவின் கடைசியில், அதிகம் பேசப்படாத ஓர் உட்பிரிவு இருக்கிறது. மூல நூலுக்குப் பொருந்தும் விலக்குகள் எல்லாம் அதன் மொழிபெயர்ப்புக்கும் பொருந்தும் என்கிறது அது. ஆரம்பாக்கம் போன்ற இருமொழி ஊருக்கு இது பெரிய உதவி. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைக்குத் தமிழ்க் கதை பிடிபடவில்லை என்றால், ஆசிரியர் அதைத் தெலுங்கில் எழுதிப் பக்கத்திலேயே வைத்துக் கொடுக்கலாம். தெலுங்குக் கதை ஒன்றைத் தமிழாக்கித் தமிழ்ப் பாடத்தில் வாசிக்கவும் தரலாம். அந்தத் தமிழாக்கத்தை நூலாகப் போடும்போதுதான் அனுமதி தேவைப்படும்.

மொழிபெயர்ப்பு நூலில் இரண்டு உரிமைகள் சேர்ந்திருக்கும். தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ நாவலைச் சுந்தர ராமசாமி தமிழில் தந்தார். மூலத்தின் உரிமை தகழி 1999இல் மறைந்ததிலிருந்து அறுபதாண்டும், தமிழ் வடிவத்தின் உரிமை சுந்தர ராமசாமி 2005இல் மறைந்ததிலிருந்து அறுபதாண்டும் தனித்தனியே ஓடுகின்றன.

ஆண்டு விழாவும் கைப்பேசியும்

பள்ளி நடவடிக்கைகளில் ஆசிரியரும் மாணவரும் நாடகம் போடலாம், பாடலாம், திரைப்படமோ பாட்டோ போட்டுக் காட்டலாம். பார்வையாளர்கள் அவர்களும் பெற்றோரும் பள்ளியோடு தொடர்புடையவர்களுமாக இருக்க வேண்டும் என்று சட்டம் ஒரு வேலி போடுகிறது. குப்பத்துப் பள்ளியில் இந்த வேலி எங்கே நிற்கிறது என்று சொல்வது எளிதல்ல. ஆண்டு விழா என்றால் ஊரே வந்து உட்காரும். அங்கே யார்தான் யாரோ ஒரு பிள்ளைக்குச் சித்தப்பாவோ அத்தையோ இல்லை? இப்படிக் கூடும் கூட்டத்தை எந்த நீதிமன்றமும் தண்டிக்கும் என்று தோன்றவில்லை. நுழைவுச் சீட்டுக்குப் பணம் வாங்கினாலோ, ஒலிபெருக்கியில் ஊர்த் திருவிழாவோடு சேர்த்தாலோ நிலைமை மாறும். அதைவிட முக்கியமானது, விழாவைப் படமெடுத்து யூடியூபில் ஏற்றுவது. மேடையில் ஆடியதற்கு இருந்த விலக்கு இணையத்தில் ஏற்றுவதற்கு இல்லை. பாட்டின் உரிமையாளர் கேட்டால் காணொளி இறக்கப்படும். பிள்ளைகள் ஆடிய ஆட்டமும் அதோடு போகும்.

தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் தன் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆகவே பாடநூலுக்காகத் திருட்டுக் கோப்பு தேட வேண்டிய தேவையே கிடையாது; கழகத்தின் இணைப்பை அனுப்பினால் போதும். இலவசம் என்பதால் உரிமை போய்விடவில்லை, யாரும் அச்சடித்து விற்க முடியாது. கடையில் விற்கும் நாவலின் முழு வருடிய கோப்பை நூறு பேர் உள்ள குழுவில் போடுவதைக் கற்பித்தலின் போக்கு என்று வாதாடுவது மிகக் கடினம். தமிழ்ப் பதிப்புலகில் ஒரு பதிப்பு சில நூறு படிகளே விற்கும்போது, இப்படிப் பரவும் ஒரு கோப்பு அடுத்த பதிப்பையே நிறுத்திவிடும். உரிமை மீறல் குற்றம் என்று நிறுவப்பட்டால் தண்டனை ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆதாயத்துக்காகச் செய்யாதபோது நீதிமன்றம் குறைக்கலாம்.

அமெரிக்கச் சட்டம் ‘நியாயப் பயன்பாடு’ என்ற பொதுக் கொள்கையைச் சொல்லி, நோக்கம், ஆக்கத்தின் தன்மை, எடுத்த அளவு, சந்தை பாதிப்பு என நான்கு கோணங்களில் எடைபோடுகிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் இதே வழிதான். இந்தியச் சட்டம் பட்டியலிட்டுத் தருகிறது. பட்டியல் குறுகலாகத் தோன்றினாலும், வகுப்பறையைப் பொறுத்தவரை அமெரிக்க ஆசிரியரைவிட நம் ஆசிரியருக்கு அதிக உறுதி கிடைக்கிறது. பார்வைக் குறைபாடு முதலியவை உள்ளவர்கள் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றித் தரவும் 2012 திருத்தம் இடம் தந்தது. இது குறித்த மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா.

பொதுவான பாட்டு

உரிமைக் காலம் ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் அறுபதாண்டும். இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் எண்ணத் தொடங்க வேண்டும். 2015இல் மறைந்த ஜெயகாந்தனின் கதைகளுக்கு 2075 கடைசி வரை உரிமை உண்டு.

இந்தக் காலக் கெடுவுக்கு முன்பே எழுத்தைப் பொதுவாக்கும் வழியைத் தமிழ்நாடு கண்டுபிடித்தது. 1921இல் பாரதி இறந்தபோது இருந்த சட்டப்படி அவர் பாடல்களுக்கு 1971 வரை உரிமை இருந்தது. இசைத்தட்டு உரிமை கைமாறிக் கைமாறிப் படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்ப செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ திரைப்படத்தில் பாரதியின் பாட்டு ஒன்றைச் சேர்த்தபோது தகராறு வந்தது. பாரதியின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி வாங்குவதா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். நாரண துரைக்கண்ணன் போன்றவர்கள் இயக்கம் நடத்தினார்கள். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு உரிமையை ஏற்றது. செட்டியார் தம் உரிமையைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். 1955இல் பாரதியின் எழுத்து மக்களுக்கே பொதுவானது. இந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

அப்போது தொடங்கியதே நாட்டுடைமை. அரசு வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு எழுத்தைப் பொதுவாக்கும். பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் என நூற்றுக்கும் மேற்பட்டோரின் ஆக்கங்கள் இப்படி வந்துள்ளன. பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஓர் ஆசிரியர் இவற்றை முழுமையாக அச்சடித்துக் கொடுக்கலாம், சுவரில் எழுதலாம், பதிவேற்றலாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: கதை பொதுவானாலும், அதற்கு இன்றைய பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் குறிப்பும் அட்டைப் படமும் அவரவருக்கே உரியவை.

மாணவரின் உரிமை

பள்ளிகளில் மறந்துபோகும் பக்கம் இது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தாத்தா சொன்ன பாடுச் சீட்டின் கதையை நோட்டில் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாடு என்ற வழக்கம் யாருக்கும் சொந்தமில்லை. வலை இழுக்கும்போது பாடும் பெயரறியா அம்பாப் பாட்டும் அப்படித்தான். அதன் ஒலிப்பதிவுக்கு மட்டும் வெளியான பின் அறுபதாண்டு தனி உரிமை. ஆனால் அவள் எழுதிய வாக்கியங்கள் அவளுடையவை. பதிவு செய்யத் தேவையில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை அவளைச் சேர்கிறது. வேலை ஒப்பந்தத்தின்படி எழுதும் ஆசிரியருக்கு முதல் உரிமை பணியமர்த்தியவருக்கே போகக்கூடும். மாணவி யாருக்கும் ஊழியர் இல்லை. அந்தக் கட்டுரையை ஆண்டு மலரில் அச்சிட நினைக்கும் பள்ளி அவளிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொண்டு, கட்டுரையின் கீழே அவள் பெயரையும் வகுப்பையும் போட வேண்டும்.