ஹாப்ஸ் கொடி ஏன் மெதுவாக வளருது?



வீட்டுத் தோட்டத்திலே இரண்டு கொடி ஊன்றுகிறோம். ஒன்று பந்தல் ஏறிவிட்டது. இன்னொன்று முழ உயரத்திலேயே நிற்கிறது. உடனே நமக்குக் கை பரபரக்கும். இன்னும் ஒரு பிடி உரம் போடலாமா, இல்லை பிடுங்கி எறிஞ்சிடலாமா என்று யோசிப்போம். இங்கிலாந்து விவசாயிகளை இப்படிப் பல தலைமுறையாகச் சோதித்த ஒரு கொடியின் கதையை இன்றைக்குச் சொல்கிறேன். அதன் பெயர் ஹாப்ஸ்.

பீருக்குக் கசப்பும் மணமும் தருவது, அது சீக்கிரம் கெடாமல் காப்பது, இரண்டுமே இந்தக் கொடியின் பெண் பூக்கள்தான். நம்ம பனையைப் போல இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து இதன் சாகுபடி இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்துக்கு வந்தது. 1574இல் அந்த மாவட்டத்துக்காரரான ரெஜினால்டு ஸ்காட் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். நடவு, கழி ஊன்றுவது, மண் அணைப்பது, பூவை உலர்த்துவது எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கினார். படிக்கத் தெரியாதவரும் பார்த்துச் செய்யலாம்.

இதே ஸ்காட் பத்து வருஷம் கழித்து, 1584இல், வேறொரு புத்தகம் எழுதினார். பயிர் கெட்டாலும் மாடு செத்தாலும் ஏதோ ஒரு கிழவியைச் சூனியக்காரி என்று பிடித்துத் தண்டித்த காலம் அது. அந்த நம்பிக்கை தப்பு என்று வாதாடிய புத்தகம் அது. காரணத்தைத் தேடாமல் பழி போடாதே என்கிற புத்தி தோட்டத்துக்கும் பொருந்தும், இல்லீங்களா?

சரி, ஹாப்ஸ் மெதுவாக வளர என்ன காரணம்? முதல் காரணம் வேர். ஒரு தடவை நட்டால் பதினைந்து, இருபது வருஷம் பலன் தருகிற கொடி இது. குளிர்காலத்தில் மேலே உள்ளது காய்ந்துபோகும். அடிக்கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். முதல் வருஷம் இலை சமைக்கிற உணவில் பெரும்பகுதி கீழேதான் போகுது. வேர் ஆள் உயரத்துக்கும் மேல் ஆழம் இறங்கும். நம்ம கண்ணுக்குத் தெரிவது ஒல்லிக் கொடி மட்டும். மூன்றாம் வருஷம்தான் முழு மகசூல். முதல் வருஷத்திலேயே பிடுங்கினவன் வேலை முடியப்போகிற நேரத்தில் கூலியாளைத் துரத்தினவன் மாதிரி.

அவசரப்பட்டு உரத்தைக் கொட்டினால் என்ன ஆகும்? 1924இல் கென்ட்டில் வெர்டிசிலியம் வாடல் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மண்ணில் தங்குகிற பூஞ்சாணம் இது. தழைச்சத்து அதிகமாகப் போட்ட தோட்டங்களில் நோய் இன்னும் கடுமையாகத் தாக்கியது. வளரட்டும் என்று போட்ட உரமே வினையானது.

இரண்டாவது காரணம் பகலின் நீளம். கென்ட்டில் ஜூன் மாதப் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் மேல். அந்த நீண்ட பகலில் கொடி விறுவிறுவென்று ஏறி, அப்புறம்தான் பூக்கும். பகல் குறைந்த இடத்தில் உயருமுன்னே பூத்து, வளர்ச்சி நின்றுவிடும். தென்னாப்பிரிக்காவில் ஜார்ஜ் நகரப் பக்கம் இந்தத் தொல்லை வந்தது. அவர்கள் தோட்டத்தில் மின்விளக்குப் போட்டுப் பகலை நீட்டினார்கள். பிறகு குறைந்த பகலுக்கு ஏற்ற ரகங்களை உருவாக்கினார்கள். நம்ம சென்னையில் மிக நீண்ட பகலே பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இங்கே ஹாப்ஸ் குட்டையாக நின்றால் அது மண்ணின் குற்றமில்லை, உரத்தின் குற்றமும் இல்லை.

மூன்றாவது காரணம் பிறவி. வழக்கமான கொடி இருபது அடி வரை ஏறும். அந்த உயரத்தில் கயிறு கட்டக் கென்ட் ஆட்கள் பொய்க்கால் கட்டி நடந்தார்கள். கயிறு எது தெரியுமா? தேங்காய் நார்க்கயிறு! 1977இல் வை கல்லூரியில் ஒரு குட்டைச் செடி கண்ணில் பட்டது. வளர்த்தி இல்லாத செடி என்று அதைத் தள்ளிவிடவில்லை. அதன் குணத்தை வைத்துக் கலப்பினம் செய்தார்கள். 1990களின் நடுவில் ‘ஃபர்ஸ்ட் கோல்டு’ முதலிய குட்டை ரகங்கள் வந்தன. எட்டடி வேலியே போதும். இன்றைக்கு அங்கே வீட்டுத் தோட்டத்துக்கும் இவை ஏற்றவை.

அந்த ஊர் வீட்டுத் தோட்டக்காரர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நல்ல வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத இடம் பார்த்து நட வேண்டும். மக்கிய எருவை அளவாகப் போட வேண்டும். முதல் வருஷம் தளிரைக் கிள்ளாமல் எல்லா இலையையும் விட வேண்டும். களை அண்டவிடக் கூடாது. வேர் ஆழம் போகும்வரை சீராகத் தண்ணீர் தேவை. இலையுதிர் காலத்தில் கொடி தானாகக் காய்ந்த பிறகே அறுக்க வேண்டும். பச்சையாக அறுத்தால் கிழங்குக்குப் போகிற உணவு நின்றுபோகும். இரண்டாம் வருஷத்திலிருந்து கயிற்றுக்கு இரண்டு, மூன்று கொடியை மட்டும் ஏற்றிவிட்டு மற்றதை நீக்கலாம்.

நம்ம மிளகுக்கும் மல்லிகைக்கும் பக்குவம் வேறு. ஆனால் கேள்வி ஒன்றுதான். ஒரு செடி பின்தங்கினால் வயதா, பருவமா, ரகமா, நோயா என்று முதலில் பாருங்க. வயது என்றால் காத்திருங்க. பருவமோ ரகமோ பொருந்தவில்லை என்றால் அதற்கேற்றதைத் தேடுங்க. நோய் என்றால் உடனே கவனியுங்க. இது தெரியாமல் உரமூட்டையைப் பிரிக்காதீங்க.