கழிவு எரிபொருள் ராலி

கழிவு எரிபொருள் ராலி என்பது, வழியெங்கும் பிறர் வேண்டாமென ஒதுக்கிய எண்ணெய், கொழுப்பு, விறகுத் துண்டு, பண்ணைக் கழிவு போன்றவற்றைத் தேடிப் பெற்று, அவற்றைக் கொண்டே ஊர்தியை இயக்கிக் குறித்த நகரை அடையும் நெடுஞ்சாலை ஓட்டமாகும். மூடிய தடத்தில் நடைபெறும் கார் பந்தயத்தைப் போலன்றி இது பொதுச் சாலையில், வேக வரம்புக்கு உட்பட்டு நடைபெறுவதால், ஓட்டும் திறனைக் காட்டிலும் எரிபொருளைக் கண்டெடுக்கும் கூர்மையும் அதைத் தூய்மைப்படுத்தும் கைத்திறனுமே முடிவைத் தீர்மானிக்கின்றன. இவ்வகையில் 2008ஆம் ஆண்டில் நடைபெற்ற இரண்டு ஓட்டங்கள் முதன்மையானவை. லண்டனிலிருந்து ஏதென்ஸ் வரை சென்ற 'கிரீஸ் டு கிரீஸ்' ஒன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பெர்க்லியிலிருந்து நெவாடா மாநிலத்தின் லாஸ் வேகஸ் வரை சென்ற 'எஸ்கேப் ஃபிரம் பெர்க்லி' மற்றொன்று.

கைக்கெட்டியதை எரித்து வண்டியோட்டும் வழக்கம் இவ்விரு ஓட்டங்களுக்கும் நெடுங்காலம் முற்பட்டது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் காட்சிக்கு வைத்த சிறிய டீசல் எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியதாக அதன் கண்டுபிடிப்பாளரான ருடால்ஃப் டீசல் பிற்காலத்தில் பதிவு செய்துள்ளார். பெட்ரோலிய எண்ணெய்க்கென வடிவமைத்த அந்த எஞ்சின், எந்த மாற்றமும் செய்யாமலே தாவர எண்ணெயை ஏற்றுக்கொண்டது. ஆயினும் இந்த ஓட்டங்களின் உண்மையான முன்னோடி எண்ணெயன்று, விறகே. அல்சேஸ்-லொரேன் பகுதியைச் சேர்ந்த பொறியாளர் ஜார்ஜ் இம்பெர்ட் 1920களில் உருவாக்கிய வாயுவாக்கி, அதாவது விறகை அரைகுறைக் காற்றில் எரித்து எஞ்சினுக்கேற்ற வாயுவாக மாற்றும் கொதிகலன் போன்ற கலம், காடுகள் மிகுந்தும் எண்ணெய்க் கிணறுகள் அருகியும் இருந்த ஐரோப்பிய நாடுகளில் விரைவாகப் பரவியது.

இரண்டாம் உலகப்போர் தொடங்கிப் பெட்ரோல் வரத்து தடைப்பட்டபோது இக்கலமே அந்நாடுகளின் போக்குவரத்தைக் காப்பாற்றியது. ஜெர்மனியில் போரின் முடிவில் ஏறத்தாழ 5,00,000 ஊர்திகள் இவ்வாறு ஓடின. விறகுத் துண்டுகளை நிரப்பித் தரும் நிலையங்களும் சாலையோரங்களில் இயங்கின. சுவீடனில் 1942 அளவில் ஏறத்தாழ 73,000 ஊர்திகளும், பின்லாந்தில் 1944 அளவில் ஏறத்தாழ 43,000 ஊர்திகளும் விறகையோ கரியையோ நம்பியிருந்தன. இந்தியாவிலும் போர்க்காலப் பெட்ரோல் பங்கீட்டின்போது பேருந்துகளின் பின்புறத்தில் கரி அடுப்பு பொருத்தப்பட்டது. சென்னை மாகாணத்தில் 'கரி பஸ்' என்று அறியப்பட்ட அவ்வண்டிகளில் புறப்பாட்டுக்கு நெடுநேரம் முன்பே அடுப்பைப் பற்றவைத்து, கைப்பிடியைச் சுழற்றிக் காற்றூதி, வாயு திரண்ட பின்னரே எஞ்சினை முடுக்க வேண்டியிருந்தது. மேட்டுச் சாலையில் வண்டி திணறுவதும் வழக்கமாயிருந்தது. போர் முடிந்து பெட்ரோல் மலிவானதும் பெரும்பாலான நாடுகளில் இந்நுட்பம் கைவிடப்பட்டது. எனினும் 1989ஆம் ஆண்டில் அமெரிக்க நடுவண் அரசின் நெருக்கடிநிலை மேலாண்மை முகமை, எண்ணெய்த் தட்டுப்பாடு நேர்ந்தால் கிராமத்துப் பட்டறையிலேயே செய்துகொள்ளத்தக்க எளிய வாயுவாக்கியின் செய்முறைக் கையேட்டை வெளியிட்டது. பிற்கால ஆர்வலர் பலருக்கு அதுவே தொடக்கப் பாடநூலாயிற்று.

வாயுவாக்கியின் உட்புறம் மேலிருந்து கீழாக நான்கு நிலைகளைக் கொண்டது. முதல் நிலையில் விறகின் ஈரம் உலர்கிறது. இரண்டாவதில் காற்றில்லாச் சூட்டில் விறகு சிதைந்து கரியும் புகையும் தார் ஆவியும் பிரிகின்றன. மூன்றாவதில் அளவோடு செலுத்தப்பட்ட காற்றால் அப்புகையும் கரியின் ஒரு பகுதியும் 1,000 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் எரிகின்றன. நான்காவதில் அவ்வாறு எரிந்து உண்டான கார்பன் டைஆக்சைடும் நீராவியும் தகிக்கும் கரியினூடே கடந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன. இவ்விரண்டும் ஒவ்வொன்றும் ஐந்தில் ஒரு பங்கு அளவில் அமைய, எஞ்சியதில் பெரும்பகுதி காற்றிலிருந்து வந்த நைட்ரஜனாகவே இருப்பதால் வாயுவின் எரிதிறன் குறைந்து, எஞ்சின் பெட்ரோலில் தரும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்குச் சற்று மேலோ இழக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்ய ஏறத்தாழ மூன்று கிலோ உலர்ந்த விறகு வேண்டும். கலத்தின் அடிப்பகுதியை இம்பெர்ட் குறுக்கி அமைத்ததன் நோக்கம், தார் ஆவி முழுவதும் அந்த வெப்பக் குறுக்கத்தின் வழியே சென்று சிதைந்தாக வேண்டும் என்பதே. தார் மிஞ்சினால் அது எஞ்சினின் வால்வுகளில் படிந்து அவற்றை இறுகச் செய்துவிடும். கார்பன் மோனாக்சைடு மணமற்ற நஞ்சாதலால், மூடிய கொட்டகைக்குள் இவ்வடுப்பைப் பற்றவைப்பது உயிருக்கு ஆபத்தானது.

எண்ணெய் வகை ஊர்திகள் டீசல் எஞ்சினையே பயன்படுத்துகின்றன. உணவகங்களில் பொரித்து எஞ்சிய எண்ணெயை வடிகட்டி நீரை நீக்கிய பின்னும், அதன் பாகுத்தன்மை டீசலைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு இருப்பதால், எஞ்சினின் சுடுநீரைக் கொண்டு அதைச் சூடேற்றி இளக்கியே செலுத்த வேண்டும். குளிர்ந்த எஞ்சினை முடுக்குவதற்கென இரண்டாவது தொட்டியில் மெல்லிய எரிபொருளை வைத்திருப்பது வழக்கம். மாற்று முறையில், எண்ணெயுடன் மெத்தனாலையும் காரத்தையும் வினைப்படுத்திக் கிளிசராலைப் பிரித்தெடுத்தால் டீசல் வண்டிக்கு ஏற்ற பயோடீசல் கிடைக்கும். எனினும் மெத்தனாலை விலைக்கு வாங்க வேண்டியிருப்பதால் இதைக் கண்டெடுத்த எரிபொருளென முழுமையாகக் கொள்ள இயலாது.

'கிரீஸ் டு கிரீஸ்' ஓட்டத்தை ஒழுங்குசெய்தவர் பிரிட்டனின் ஆண்டி பேக். இவர் 2007ஆம் ஆண்டில் சாக்லேட் ஆலைக் கழிவிலிருந்து பெற்ற பயோடீசலைக் கொண்டு ஆப்பிரிக்காவின் திம்புக்டு வரை டிரக் ஓட்டிச் சென்றவர். 2008 ஆகஸ்டில் புறப்பட்ட அணிகள் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் வழியில் உணவகங்களிடம் பழைய எண்ணெயைக் கேட்டுப் பெற்றே சென்றன.

அதே ஆண்டு அக்டோபரில் நடைபெற்ற பெர்க்லி ஓட்டமே இவ்வகையின் தூய வடிவம். அதன் விதி பெட்ரோலியத்தை அறவே விலக்கியதோடு, வழியில் சேர்க்கும் எரிபொருள் இலவசமாகக் கிடைத்ததாக இருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. ஒழுங்குசெய்த ஜிம் மேசன், கப்பல் சரக்குப் பெட்டிகளை அடுக்கி அமைத்த 'ஷிப்யார்டு' என்னும் கலைக்கூடத்தை நிறுவியவர். நகர நிர்வாகம் அக்கூடத்தின் மின் இணைப்பைத் துண்டித்தபோது சொந்த மின்னாற்றலுக்கு வழிதேடி வாயுவாக்கியை வந்தடைந்தார். அம்முயற்சியிலிருந்து ஆல் பவர் லேப்ஸ் என்னும் வாயுவாக்கி நிறுவனம் தோன்றியது. சியரா நெவாடா மலைத்தொடருக்கு அப்பால் மொஹாவி பாலையில் அமைந்த லாஸ் வேகஸை நோக்கிய இவ்வோட்டத்தில், ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜாக் மெக்கார்னக்கின் 'மேக்ஸ்' என்னும் கார் வென்றது. லோட்டஸ் செவன் பாணியிலான இந்த இலேசான திறந்த காரில் 32 குதிரைத்திறன் கொண்ட குபோட்டா டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது; தாவர எண்ணெயே அதன் எரிபொருள். பரிசு எண்ணெய்க்குச் சென்றாலும், நகரங்களுக்கு வெளியே உணவகமே இல்லாத நீண்ட வழிகளில் எரிபொருள் தேடும் ஆற்றல் விறகு வண்டிக்கே மிகுதி. அலபாமா மாநில விவசாயி வேய்ன் கீத் தாமே வடிவமைத்த விறகுவாயு டாட்ஜ் டிரக்கை 2011ஆம் ஆண்டில் பான்னவில் உப்புவெளியில் மணிக்கு 73 மைல் வேகத்தில் ஓட்டியதும், பின்லாந்தின் பிரதமராக 2015 முதல் 2019 வரை இருந்த யூஹா சிப்பிலா அரசியலில் உயர்வதற்கு முன்பே தம் ஷெவர்லே எல் கமினோவை விறகுவாயுவுக்கு மாற்றியமைத்ததும் இந்நுட்பம் இன்னும் உயிர்ப்புடன் இருப்பதைக் காட்டுகின்றன.

பெர்க்லி ஓட்டம் நிலையான ஆண்டு நிகழ்வாகத் தொடரவில்லை. இதற்கிடையே, பயோடீசலுக்கும் விமான எரிபொருளுக்கும் மூலப்பொருளாகிப் பழைய சமையல் எண்ணெய் விலையுள்ள சரக்காகிவிட்டது. இந்தியாவிலும் 2018 முதல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் 'ரூகோ' திட்டத்தின்கீழ் அது உணவகங்களிலிருந்து பயோடீசல் ஆலைகளுக்காகச் சேகரிக்கப்படுகிறது. ஆகையால் இலவச எரிபொருள் விதியுடன் இனி நடத்தப்படும் ஓட்டத்துக்கு விறகுவாயு ஊர்திகளே பொருத்தமானவை.