கலைந்த லீக்குகள், கலையாத சாவா

1993 டிசம்பர். மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டியில் பிலிப்பைன்ஸுடன் மோதியது ஜப்பான் பெண்கள் அணி. அன்றுதான் முதன்முதலாக நாட்டுக்காகக் களமிறங்கிய ஹோமரே சாவாவுக்கு வயது 15. அந்த ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் போட்டார்.

அப்படித் தொடங்கியவருக்கு அடுத்த இருபது ஆண்டும் ஏறுமுகமாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றும். ஆனால், அவர் காலூன்றிய இடமெல்லாம் சரிந்தது.

1989-ல் தொடங்கிய ஜப்பான் பெண்கள் லீக்கில் அப்போது பணம் புரண்டது. நார்வேயின் ஹெகே ரீசே போன்ற நட்சத்திரங்களே அங்கு வந்து ஆடினார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பொருளாதாரம் படுத்தது. நிறுவனங்கள் கைவிரிக்க, கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1999 உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேறியதால் சிட்னி ஒலிம்பிக் வாய்ப்பும் போனது. 12 வயதிலிருந்து ஆடிவந்த பெலேசா கிளப்பை விட்டு, 20 வயதில் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார் சாவா.

அங்கே 2001-ல் பெண்களுக்கான தொழில்முறை லீக் பிறந்தது. அட்லாண்டா பீட் அணியின் நடுக்களம் சாவாவின் கைக்கு வந்தது. மூன்றே சீசன். 2003 உலகக் கோப்பை தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது அந்த லீக்கும் முடங்கியது. ஊர் திரும்பினார். 2009-ல் அமெரிக்காவில் புதிய லீக் தொடங்கியதும் வாஷிங்டன் அணிக்காக மீண்டும் போனார். அது 2012-ல் மூடப்பட்டது.

வேறு யாராக இருந்தாலும் பூட்ஸைக் கழற்றியிருப்பார்கள். சாவா தன் ஆட்டத்தை மெருகேற்றிக்கொண்டே இருந்தார். கோல் போடும் முன்கள வேட்கையோடு வளர்ந்தவரை, 2008-ல் பொறுப்பேற்ற பயிற்சியாளர் நோரியோ சசாகி பின்னுக்கு இழுத்துத் தற்காப்பு மிட்ஃபீல்டராக ஆக்கினார். எதிரணி எந்த வழியில் பாஸ் கொடுக்கும் என்று முன்கூட்டியே கணித்து, அந்த இடத்தில் போய் நிற்பதுதான் அந்த வேலை. பல தேசங்களில், பல பாணிகளில் ஆடிப் பழகிய அனுபவம் அங்கே கைகொடுத்தது.

ஃப்ராங்க்ஃபர்ட், 117-வது நிமிடம்

2011 மார்ச் 11-ல் பூகம்பமும் சுனாமியும் ஜப்பானை உலுக்கின. நான்கு மாதத்துக்குள் ஜெர்மனியில் உலகக் கோப்பை. காலிறுதிக்கு முன் பேரழிவின் படங்களை வீராங்கனைகளுக்குப் போட்டுக் காட்டினார் சசாகி. போட்டியை நடத்திய ஜெர்மனியே அன்று வீழ்ந்தது. கூடுதல் நேரத்தில் கரினா மருயாமா அடித்த அந்த ஒற்றை கோலுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தவர் கேப்டன் சாவா.

ஜூலை 17, இறுதி ஆட்டம். எதிரே அமெரிக்கா. அதற்கு முன் மோதிய 25 ஆட்டங்களில் ஒன்றில்கூட ஜப்பான் அவர்களை வென்றதில்லை. கூடுதல் நேரத்தில் 2-1 என அமெரிக்கா முன்னிலை; மீதம் சில நிமிடங்கள். ஆயா மியாமா கார்னர் அடித்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே பாய்ந்த சாவா, பூட்ஸின் வெளிப்பக்கத்தால் தட்டிவிட்டார். கோல்! பெனால்ட்டியில் 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியது ஜப்பான். ஐந்து கோல்களோடு தங்க ஷூ, தங்கப் பந்து இரண்டும் சாவாவுக்கே. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் மார்த்தா வைத்திருந்த ஃபிஃபாவின் சிறந்த வீராங்கனை விருதும் அடுத்த ஜனவரியில் அவரிடம் வந்தது. அந்த விருதைப் பெற்ற முதல் ஆசியர் அவர்தான்.

2012-ல் லண்டன் ஒலிம்பிக் வெள்ளி. 2015-ல் ஆறாவது உலகக் கோப்பை. நாட்டுக்காக 205 ஆட்டங்கள், 83 கோல்கள். அதே ஆண்டு டிசம்பர் 27, பேரரசி கோப்பை இறுதி ஆட்டம். அதுவே தன் கடைசி ஆட்டம் என்று முன்பே அறிவித்திருந்தார். அவர் ஆடிய கோபே அணி 1-0 என வென்றது. அந்த ஒரு கோல் 37 வயது சாவாவின் தலையிலிருந்து வந்தது.

லீக் என்பது முதலாளிகளின் கணக்கில் பிறந்து, கணக்கில் மடிவது. பெண்கள் கால்பந்தை அந்த இருண்ட ஆண்டுகளில் உயிரோடு வைத்திருந்தவர்கள், சம்பளம் நிச்சயமில்லாத நாட்களிலும் பயிற்சிக்கு வந்து நின்ற வீராங்கனைகள்தான். இன்று நிரம்பி வழியும் அரங்குகள் அவர்களுக்குக் கடன்பட்டவை.

அடுத்த வாரம்: பெண்கள் கால்பந்து ஆடவே தடை இருந்த பிரேசிலில் 1978-ல் பிறந்து, ஏழு உலகக் கோப்பைகளில் ஆடிய ஃபோர்மிகா.

(தொடரும்)